போர் ஓய்ந்த பிறகு படிக்கலாமா?

கேள்வி: மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13. பள்ளியில் ஆசிரியர்கள் போதவில்லை. நாட்டிலும் அமைதி இல்லை. இருவரையும் நிறுத்திவிட்டேன். மகன் என் கடையைப் பார்த்துக்கொள்கிறான். போர் ஓய்ந்த பிறகு படித்துக்கொள்ளட்டும் என்று நினைப்பது தவறா? (மியான்மரின் பெகு நகரிலிருந்து தமிழ் வாசகர் ஒருவர்)

பதில்: தவறுதான், ஐயா. அஞ்சுவதற்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் சகாயிங் பகுதியின் தெப்பாயின் வட்டாரத்தில் உள்ள லெட்யெட்கோன் கிராமத்தில், மடாலயப் பள்ளியின் மீது ஹெலிகாப்டர்கள் சுட்டதில் குழந்தைகள் மாண்டார்கள். 2025 மே மாதத்தில் அதே வட்டாரத்தில் இன்னொரு கிராமப் பள்ளி வான்தாக்குதலுக்கு இரையாகி, மாணவர்களும் ஆசிரியர்களும் உயிரிழந்தார்கள். அந்தக் கிராமங்களின் பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டால், அவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் பிள்ளைகளின் பள்ளியோ இன்றும் நடக்கிறது.

ஆசிரியர் பற்றாக்குறை உண்மை. 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்துப் பணிக்கு வர மறுத்ததற்காக, சில மாதங்களுக்குள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2020-இல் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பள்ளியிறுதித் தேர்வுக்குப் பதிவு செய்த நாட்டில், 2023-இல் அந்த எண்ணிக்கை 2 லட்சத்தைக்கூட எட்டவில்லை. தேர்வுக்கு வராமல் போனவர்களில் சிலர் எதிர்ப்பின் அடையாளமாகத் தேர்வைத் துறந்தவர்கள். மற்றவர்களைத் தேநீர்க் கடைகளிலும் தையல் ஆலைகளிலும் தாய்லாந்துக்குப் போகும் வழிகளிலும் தேட வேண்டும். குண்டே விழாத ஊர்களின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

போர் எப்போது ஓயும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது பள்ளியை விட்ட நம் பிள்ளைகளில், 1945-க்குப் பிறகு மீண்டும் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று பழைய குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள். இடைவெளி நீள நீளக் கற்ற கணக்கு மறந்துபோகிறது. தன்னைவிட இளையவர்களோடு உட்காரக் கூச்சம் வருகிறது. கையில் புழங்கத் தொடங்கிய கூலியை விட மனம் வருவதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் 18 முதல் 35 வயது வரையிலான ஆண்களுக்கும் 18 முதல் 27 வரையிலான பெண்களுக்கும் பொருந்தும். படித்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தற்காலிக ஒத்திவைப்பு உண்டு என்று அச்சட்டமே கூறுகிறது. அது எல்லா இடத்திலும் மதிக்கப்படும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால், பள்ளிப் பதிவேட்டில் பெயரே இல்லாதவன் அதைக் கேட்கக்கூட வழியில்லை. இரண்டு ஆண்டுகளில் உங்கள் மகனுக்கு அந்த வயது வந்துவிடும்.

ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு வேறு வழி தேடலாம். 1960-களில் தமிழ்ப் பள்ளிகளை இழந்த பிறகு, நம் பெரியவர்கள் கோயில்களில் மாலை வகுப்பு நடத்தித் தமிழைக் காத்தார்கள். அதே இடத்தில் கணக்கும் ஆங்கிலமும் பர்மியமும் சொல்லிக்கொடுக்க, படித்த இளைஞர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். உங்கள் கோயில் நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள்; இன்னும் நான்கு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போனால் மறுக்க மாட்டார்கள்.

மகனையாவது கடையில் உட்கார வைத்தீர்கள். மகளை ஏன் நிறுத்தினீர்கள் என்பதற்குத் தனியாக ஒரு காரணமும் எழுதவில்லை. 13 வயதுப் பெண்ணை வீட்டில் நிறுத்தினால் அடுத்து எழும் பேச்சு கல்யாணப் பேச்சாகவே இருக்கும். முதலில் அவளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.