மேடையில் மாண்டலின்

கேள்வி: எட்டுத் தந்திகள் கொண்ட அக்கூஸ்டிக் மாண்டலினை மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். மைக் வைத்தால் ஊளையிடுகிறது. பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் சிறு கருவி) பொருத்தினால் தகரம் போல ஒலிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மீண்டும் அதே மைக்கில் நுழைவதால்தான் ஊளை எழுகிறது. ஆகவே முன்புற ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக்கை, ஒலித்துளைக்கு நேராக அல்லாமல், கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி ஒரு சாண் தொலைவில் நிறுத்தி, உங்கள் வாசிப்பை உங்களுக்கே கேட்கச் செய்யும் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் பின்புறத்தில் வையுங்கள். வழக்கமான சுருதியில் மிகத் தாழ்ந்த தந்தியே ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை மிக்ஸரில் தயங்காமல் வெட்டிவிடலாம்.

தகர ஒலிக்குப் பிக்கப்பை மட்டும் பழிப்பது நியாயமன்று. அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீசோ வகைப் பிக்கப்பின் மின்மறிப்பு (இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) மிக அதிகம். அதை நேரடியாக மிக்ஸரில் செருகினால் அடிநாதம் மெலிந்து, கீச்சொலி மட்டுமே முன்னே நிற்கும். உள்ளீட்டு மின்மறிப்பு 1 மெகா ஓமுக்குக் குறையாத ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்றை இடையில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும். டிரம்ஸ் முழங்கும் மேடையில் பிக்கப்பை முதன்மையாகவும் மைக்கைச் சிறிதளவும் கலப்பதே என் பரிந்துரை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை வாசித்தார். கமகத்துக்கு அது அருமையாக இணங்கியது. ஆனால் இரட்டைத் தந்திகளின் மினுமினுப்பை விரும்பும் நீங்கள் கருவியை மாற்ற வேண்டியதில்லை.