யேலா, பிரின்ஸ்டனா? யாரோடு சாப்பிடப் போகிறாய் என்று பார்

அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் மே 1-க்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். அதனால் ஏப்ரல் முழுக்க எனக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். நியூஜெர்சியில் பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரி ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. கட்டணம், பாடத்திட்டம் பற்றியவற்றை ஒதுக்கிவிட்டு, வளாக வாழ்க்கை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: மேடம், பையன் படிக்கத்தானே போகிறான்? சோஷியல் லைஃபை எல்லாம் கணக்கில் எடுக்கணுமா? (ஒரு அப்பா, சென்னை)

எடுக்கணும் சார். வகுப்பில் இருப்பது வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் சுமார். மீதி நேரமெல்லாம் விடுதியிலும் சாப்பாட்டுக் கூடத்திலும்தான். பரீட்சை சொதப்பிய அன்று பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த பரீட்சை. யேல், பிரின்ஸ்டன் மாதிரி இடங்களுக்குள் படிப்பின் தரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வாழ்கிற விதத்தில்தான் நிறைய உண்டு.

கேள்வி: மகளுக்கு யேல், பிரின்ஸ்டன் இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. சட்டென்று பழகமாட்டாள். எது சரிப்படும்? (ஒரு அம்மா, எடிசன்)

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யேலில் 14 ரெசிடென்ஷியல் காலேஜ்கள், அதாவது மாணவர்கள் சேர்ந்து தங்கிச் சாப்பிடும் சின்னச் சின்னக் குடியிருப்புகள். ஊர் போய்ச் சேரும் முன்பே உங்கள் மகள் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவளாகிவிடுவாள். முதல் வருடம் பலர் ஓல்ட் கேம்பஸ் என்ற பொது இடத்தில் தங்கினாலும் அந்த உறவு அப்படியே தொடரும். ஒவ்வொன்றுக்கும் தனி சாப்பாட்டுக் கூடம், தனி டீன். ராத்திரி பசித்தால் மாணவர்களே நடத்தும் ‘பட்டரி’ என்ற சின்னக் கடையும் உண்டு. இதற்கெல்லாம் அவள் யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

பிரின்ஸ்டனிலும் முதல் இரண்டு வருடம் இதே போலத்தான். அப்புறம்தான் மாறுகிறது. மூன்றாம், நான்காம் வருட மாணவர்களில் பாதிக்கு மேல் ப்ராஸ்பெக்ட் அவென்யூ பக்கம் இருக்கும் ஈட்டிங் கிளப்புகளுக்குப் போய்விடுவார்கள். சாப்பாடும் பொழுதுபோக்கும் அங்கேதான். மொத்தம் 11. இவை பல்கலைக்கழகத்தின் கீழ் வராத தனி அமைப்புகள். சிலவற்றில் பெயர் கொடுத்தால் போதும், கூட்டம் அதிகமானால் குலுக்கல். மற்றவற்றில் ‘பிக்கர்’: பேச வைத்து, பார்த்து, உறுப்பினர்களே கூடித் தேர்ந்தெடுப்பார்கள். அதாவது இரண்டாம் வருடக் குளிர்காலத்தில், "நீ எங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாமா" என்று சக மாணவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. ரசித்துச் செய்யும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு யேல் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: அக்கா, நான் பிரின்ஸ்டன்தான் போகிறேன். சைவம். கிளப்பில் சேராமல் இருக்க முடியுமா? (மாணவி, டல்லாஸ்)

தாராளமாக. மாணவர்களே சமைத்துச் சாப்பிடும் கோ-ஆப்கள் அங்கே உண்டு. அதில் ‘2 டிக்கின்சன்’ சைவம். ஆளுக்கு இத்தனை முறை சமையல் என்று முறை வைத்துக்கொள்வார்கள், தினமும் சேர்ந்து சாப்பிடுவார்கள். செலவும் கிளப்பைவிட மிகக் குறைவு. உன் ரசம் அங்கே செல்லுபடியாகும்.

கேள்வி: ஹார்வர்டா, எம்ஐடியா? இரண்டும் ஒரே ஊர்தானே, வித்தியாசம் இருக்குமா? (மாணவன், ஃப்ரீமான்ட்)

ஒரே தெருவில் இரண்டு மைல் தம்பி, ஆனால் உலகமே வேறு.

ஹார்வர்டில் முதல் வருடத்துக்கு யார்ட் என்ற வளாகத்தின் நடுப்பகுதியில் தங்கி, ஆனன்பர்க் என்ற கூடத்தில் சாப்பிடுவாய். மார்ச் மாதம் ‘ஹவுசிங் டே’. அன்று காலையில் சீனியர்கள் கத்திக்கொண்டே வந்து கதவைத் தட்டி, அடுத்த வருடங்களில் நீ தங்கப்போகும் விடுதி, 12 ஹவுஸ்களில் எது என்று சொல்வார்கள். எட்டுப் பேர் வரை குழுவாகப் பெயர் கொடுக்கலாம், எந்த ஹவுஸ் என்பது மட்டும் அதிர்ஷ்டம். யார்டிலிருந்து தள்ளி இருக்கும் குவாட் பக்கம் விழுந்தால் முதலில் முகம் தொங்கும், பிறகு அதையே பெருமை பேசுவாய். ஹார்வர்டில் உன்னைச் சோதிப்பது ஹவுஸ் அல்ல, கிளப்புகள். பத்திரிகை, கன்சல்டிங் என்று பலவற்றில் சேர ‘காம்ப்’ என்ற ஒரு தேர்வுச் சுற்று உண்டு. அனுமதிக் கடிதம் வாங்கின கையோடு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

எம்ஐடியில் எந்த விடுதி வேண்டும் என்று நீயே வரிசைப்படுத்திக் கொடுக்கிறாய். விடுதிக்கு விடுதி குணம் வேறு. சிலவற்றில் மெஸ் கிடையாது, சமையலறைதான். ராத்திரி பதினொன்றுக்கு ஒருவன் நூடுல்ஸ் கிளறுவான், நாலு பேர் அதே மேஜையில் பீசெட் போட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டுப்பாடத்துக்கு அங்கே அதுதான் பேர். தனியாக முடிக்க முடியாத அளவுக்குக் கொடுப்பதால் நட்பு தானாக வரும். முதல் செமஸ்டரில் தோற்ற பாடம் மதிப்பெண் பட்டியலில் ஏறாது, அதனால் மூச்சுவிட நேரமும் உண்டு.

கேள்வி: டார்ட்மத்தில் குடிக்காதவர்களுக்கு இடமில்லை என்கிறார்களே? (ஒரு அம்மா, ஹூஸ்டன்)

கொஞ்சம் மிகை. பார்ட்டிகளுக்குப் பேர்போன ஃப்ராட்டர்னிட்டி (ஆண்கள்), சொரோரிட்டி (பெண்கள்) என்ற மாணவர் சங்கங்களில், சேரத் தகுதியுள்ளவர்களில் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். ஹானோவர் சின்ன ஊர், வெள்ளிக்கிழமை ராத்திரி வேறு போக்கிடமும் குறைவு. ஆனால் முதல் வருடத்தில் யாரும் சேர முடியாது. மலையேற்றம், பனிச்சறுக்கு என்று 1909-இலிருந்து நடக்கும் அவுட்டிங் கிளப் ஒன்று இருக்கிறது, அதுவே தனி உலகம். நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. அங்கே வருடம் நான்கு பருவம். இரண்டாம் வருடக் கோடையில் எல்லாரும் வளாகத்தில் இருப்பார்கள், மற்ற பருவங்களில் ஆளாளுக்கு வெளியே போய் வருவார்கள். நெருங்கிய தோழி திரும்பும்போது உங்கள் பெண் கிளம்பியிருப்பாள்.

கேள்வி: கொலம்பியா? (மாணவன், சிங்கப்பூர்)

நியூயார்க்கே வளாகம். வாசலிலேயே சப்வே. நீயாக ஆட்களைத் தேடிப் போகிறவன் என்றால் போ. இல்லையென்றால் சனிக்கிழமைகள் நீளமாக இருக்கும்.

கேள்வி: நேரில் போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது? (மாணவி, சார்லட்)

இடம் கிடைத்தவர்களை அழைத்துக் காட்டும் நாட்களான யேலின் புல்டாக் டேஸ், எம்ஐடியின் சிபிடபிள்யூ போன்றவை திருவிழா. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று போல எல்லாம் பளபளவென்று இருக்கும். முடிந்தால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கு. சாதாரண வார நாளில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா, ஃபோனுக்குள் ஒளிந்திருக்கிறார்களா என்று பார். இரண்டாம் வருட மாணவர்களிடம் கேள். முதல் வருடத்தார் இன்னும் மயக்கத்தில் இருப்பார்கள், நான்காம் வருடத்தார் எல்லாவற்றையும் மன்னித்திருப்பார்கள். "இங்கே பிடிக்குமா?" என்று கேட்காதே, பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். "நேற்று ராத்திரி யாரோடு சாப்பிட்டீர்கள், அவர்களை எப்படித் தெரியும்?" என்று கேள். தேங்க்ஸ்கிவிங் லீவில் வீட்டுக்குப் போகாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டு வை, வீடு தூரத்தில் இருக்கும் உனக்கு அது தேவைப்படும்.