திடீர்னு அஞ்சு நாள் லீவ், ஒரு புக்கிங்கும் இல்ல: அந்தமான் போலாமா?

கேள்வி: அக்கா, எங்களுக்கு கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு, ஹனிமூன்னு எங்கயும் போகல. இப்ப திடீர்னு பிப்ரவரி கடைசி வாரத்துல ரெண்டு பேருக்கும் ஒண்ணா அஞ்சு நாள் லீவ் கிடைச்சிருக்கு. தீவு, கடல், நல்ல பீச், அவ்ளோதான் ஆசை. அவருக்கு பாஸ்போர்ட் இல்ல, நீச்சலும் தெரியாது. எனக்கு கப்பல்ல வாந்தி வருமோன்னு பயம். பேக்கேஜ்ல மாட்டாம நாங்களா சுத்தணும். எதையுமே புக் பண்ணாம சென்னைல இருந்து கிளம்பினா சமாளிக்க முடியுமா?

பதில்: தாராளமா போலாம்மா, ஆனா "எதையுமே புக் பண்ணாம" மட்டும் வேண்டாம். ஃப்ளைட், தீவுக்கு தீவு போற ஃபெர்ரி, முதல் ராத்திரி ரூம், இந்த மூணையும் முடிச்சிட்டு மத்ததையெல்லாம் அங்க போய் உங்க இஷ்டத்துக்கு வச்சுக்கோங்க.

முதல்ல ஏன் அந்தமான்னு சொல்லிடறேன். மாலத்தீவுக்கு விசா அங்க இறங்கினதும் கிடைக்கும், ஆனா பாஸ்போர்ட் வேணுமே. லட்சத்தீவுக்கு நம்ம ஆளுங்களுக்கே முன்கூட்டி பெர்மிட் வாங்கணும், திடீர் பயணத்துக்கு அது ஒத்து வராது. அந்தமான்ல நீங்க போகப் போற தலைநகர் போர்ட் பிளேர், பக்கத்து தீவுங்க ஹேவ்லாக், நீல் மூணுக்கும் நமக்கு தனி பெர்மிட் கிடையாது, ஆதார் போதும், டிக்கெட்ல இருக்கிற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. சென்னைல இருந்து நேரடி ஃப்ளைட்ல ரெண்டேகால் மணி நேரம். கப்பல்லயும் போலாம்தான், ஆனா போகவே மூணு நாள் கிட்ட ஆகும், உங்க லீவுக்கு அத மறந்துடுங்க.

இன்னொண்ணு, பேரெல்லாம் மாத்திட்டாங்க. போர்ட் பிளேர் 2024ல ஸ்ரீ விஜயபுரம் ஆயிடுச்சு, ஹேவ்லாக் 2018ல இருந்து ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. ஃபெர்ரி புக் பண்ற இடத்துல புதுப்பேர் வந்தா குழம்பாதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். திடீர்னு போறவங்க முக்காவாசிப் பேர் ஃப்ளைட் டிக்கெட்ட போட்டுட்டு அப்புறமா ஃபெர்ரிய தேடுவாங்க, அங்கதான் சிக்கல், ஏன்னா பிப்ரவரி நல்ல சீசன், தீவுக்கு ரோடும் கிடையாது பாலமும் கிடையாது, ஃபெர்ரில சீட் இல்லன்னா போர்ட் பிளேர்லயே உக்காந்திருக்க வேண்டியதுதான். அதனால முதல்ல ஃபெர்ரி சீட் எந்த தேதில இருக்குன்னு பாருங்க, அதுக்கு தோதா ஃப்ளைட்ட போடுங்க. கவர்மென்ட் ஃபெர்ரி ரொம்ப மலிவு, ஆனா அது தீவு ஜனங்களுக்கு நம்மூர் டவுன் பஸ் மாதிரி, அவங்களுக்குதான் முன்னுரிமை, வெளியூர் ஆளுக்கு சீசன்ல கடைசி நேரத்துல கிடைக்கும்னு நம்பி இறங்கக் கூடாது. மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன்னு பிரைவேட் ஃபெர்ரி இருக்கு, ஆன்லைன்லயே போடலாம், ஹேவ்லாக்குக்கு அதுல வேகமானதுன்னா ஒன்றரை மணி நேரம் பக்கத்துல ஆகும், கவர்மென்ட்ல ரெண்டு ரெண்டரை ஆகும்.

எந்த தீவு முதல்லங்கறதும் முக்கியம். நிறைய பேர் போர்ட் பிளேர்ல ஒரு நாள் சுத்திட்டு அப்புறம் ஹேவ்லாக் போயி, கடைசி நாள் காலைல ஃபெர்ரி புடிச்சு வந்து அப்படியே ஃப்ளைட் ஏறலாம்னு கணக்கு போடறாங்க. தயவுசெஞ்சு அப்படி போடாதீங்க. கடல் கொஞ்சம் கொந்தளிச்சா ஃபெர்ரிய நிறுத்திடுவாங்க, உங்க ஃப்ளைட் உங்களுக்காக நிக்காது. 2016 டிசம்பர்ல புயல் சின்னம் வந்தப்ப ஆயிரத்துக்கும் மேல டூரிஸ்ட்டுங்க ஹேவ்லாக்ல மாட்டி, கடற்படை கப்பல் போய்தான் கூட்டிட்டு வந்தாங்க. பிப்ரவரில கடல் பொதுவா அமைதியாதான் இருக்கும், இருந்தாலும் கடைசி ராத்திரி கண்டிப்பா போர்ட் பிளேர்ல தங்குங்க, அதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

ஆக, முதல் நாள் சீக்கிரமே இறங்கற ஃப்ளைட்ல போயி மதிய ஃபெர்ரில நேரா ஹேவ்லாக். நடுவுல ஒரு மூணு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, ஃப்ளைட் லேட் ஆனா ஃபெர்ரி போயிடும். ஹேவ்லாக்ல ரெண்டு ராத்திரி, நீல்ல ஒண்ணு, போர்ட் பிளேர்ல ஒண்ணு. ஹேவ்லாக்ல முதல் ராத்திரிக்கு மட்டும் ரூம் போட்டு வைங்க, புடிச்சிருந்தா அங்கயே நீட்டிக்கலாம், இல்லன்னா பக்கத்துல பாத்துக்கலாம், ரோட்டோரமா நிறைய இருக்கு.

இந்த வரிசைல இன்னொரு லாபமும் இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாட்டியும் காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டு கடலுக்குள்ள போற ஸ்கூபா பண்ணலாம், முதல் தடவை பண்றவங்கள கரைகிட்ட ஆழமில்லாத இடத்துல பழக்கிட்டு, கூடவே ஒரு இன்ஸ்ட்ரக்டர் புடிச்சுக்கிட்டே கூட்டிட்டு போவாரு. ஆனா ஸ்கூபா பண்ணிட்டு உடனே ஃப்ளைட் ஏறக் கூடாது. அழுத்தத்துல உடம்புக்குள்ள கரைஞ்ச நைட்ரஜன் மெதுவாதான் வெளியேறும், மேல போனா அது குமிழா மாறி ஆபத்தாயிடும், ஒரு முழு நாள் இடைவெளி விடறதுதான் நல்லது. ரெண்டாம் நாள் காலைல ஹேவ்லாக்ல ஸ்கூபா முடிச்சிட்டா அஞ்சாம் நாள் ஃப்ளைட்டுக்கு கவலையே இல்ல. ஆஸ்துமா, காது சீழ், இதய பிரச்சனை எதாவது இருந்தா மறைக்காம சொல்லுங்க, அப்ப இறங்கவே வேண்டாம்.

அன்னைக்கு சாயங்காலம் ராதாநகர் பீச். 2004ல டைம் பத்திரிகை ஆசியாவோட சிறந்த பீச்சுன்னு சொன்ன இடம், இன்னைக்கும் அந்த பேருக்கு குறைவில்ல. ஆனா ஒண்ணு கவனிங்க, தீவு நமக்கு கிழக்க ரொம்ப தள்ளி இருந்தும் கடிகாரம் நம்ம நேரம்தான் காட்டும், அதனால பிப்ரவரில அஞ்சரைக்கெல்லாம் சூரியன் இறங்கிடும், நாலு மணிக்கே அங்க இருங்க. விடியறதும் அப்படித்தான், சீக்கிரம் எழுந்தா அதே தீவுல காலாபத்தர் பீச்ல சூரிய உதயம் பாக்கலாம். முதலை எச்சரிக்கை போர்டு வச்சிருக்கிற பக்கமும் ஓடை வாய்ப்பக்கமும் இறங்கவே இறங்காதீங்க, உப்புத்தண்ணி முதலை அங்க உண்மையாவே இருக்கு, ஆள் செத்திருக்காங்க.

நீல் சின்ன தீவு, சைக்கிள்லயே சுத்திடலாம். பெங்காலி குடும்பங்கதான் அதிகம், காய்கறி வயலும் வாழையுமா பச்சையா இருக்கும். அங்க இருக்கிற இயற்கை பாறைப் பாலத்த தண்ணி வத்தற நேரத்துலதான் கிட்ட போய் பாக்க முடியும், எப்ப வத்தும்னு ரூம்காரங்ககிட்டயே கேளுங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஹேவ்லாக்க விட நீல்தான் மனசுல நிக்கும்னு எனக்கு தோணுது, அவசரமே இல்லாத ஊர் அது.

வாந்திக்கு: ஃபெர்ரில நடு வரிசைல, கீழ் தளத்துல சீட் எடுங்க, ஆட்டம் அங்கதான் குறைவு. வெறும் வயித்துலயும் போகாதீங்க, மூக்குப்புடிக்க சாப்டுட்டும் போகாதீங்க, போன் பாக்காதீங்க. மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுக்கோங்க, வாந்தி ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல.

போர்ட் பிளேர் திரும்பினதும் செல்லுலார் ஜெயில். 1896ல கட்ட ஆரம்பிச்சு 1906ல முடிச்சாங்க, ஏழு சிறகுல இப்ப மூணுதான் மிச்சம். அரசியல் கைதிங்கள தனித்தனி கொட்டடில அடைச்சு வச்ச அந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. போர்ட் பிளேர்ல நம்ம ஆளுங்க நிறைய, தமிழ் பேசறவங்க கிடைப்பாங்க, இட்லிக்கும் அலைய வேண்டாம்.

யாராவது பாராடாங் குகைக்கு கூட்டிட்டு போறேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. விடியறதுக்கு முன்னாடி கிளம்பி முழு நாள் போயிடும், அதுவும் ஜாரவா பழங்குடி மக்களோட காட்டுக்குள்ள, வண்டிங்க வரிசையா சேர்ந்து கான்வாய்ல போற வழி. அவங்கள போட்டோ எடுக்கறதும் எதாவது குடுக்கறதும் சட்டப்படி குற்றம், இருந்தும் அவங்கள வேடிக்கை பாக்கவே சிலர் போறாங்கன்னு நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

ரொக்கம் கொஞ்சம் கூடுதலாவே எடுத்துட்டு போங்க, ஹேவ்லாக்ல ஏடிஎம் குறைவு, நெட்டும் இடத்துக்கு இடம் இழுக்கும், டிக்கெட்டெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. சிப்பி, பவளம் எதையும் பைல போட்டுக்காதீங்க, ஏர்போர்ட்ல புடிச்சா பிரச்சனை. இன்னைக்கு ராத்திரியே ஃபெர்ரி சீட் பாத்துட்டு எந்த தேதி கிடைக்குதுன்னு எழுதுங்க, ஃப்ளைட் எது தோதுன்னு நான் சொல்றேன்.