கையுறையைக் கழற்றாமல் டச் ஸ்கிரீனைப் பயன்படுத்த முடியுமா?

கேள்வி: குளிர்பதனக் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். ஒரு ஷிஃப்டில் நூறு தடவைக்கு மேல் போனில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்றிக் கழற்றி விரல் மரத்துப்போகிறது. டச் ஸ்கிரீனுக்கென்றே விற்கும் கம்பளிக் கையுறை வாங்கினேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது. இப்போது பத்துத் தடவை தொட்டால் இரண்டு தடவைதான் டச் எடுக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் தங்கையோ மெல்லிய ரப்பர் கையுறையோடு போனை எளிதாகப் பயன்படுத்துகிறாள். ரப்பரில் மின்சாரம் பாயாதே, அது எப்படி? நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்கான விடையும் தங்கையின் கையுறையில்தான் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போன் திரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆனவை. கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு மின்புலம் இருக்கிறது. அது கண்ணாடியைத் தாண்டி மேலேயும் சற்று எட்டி நிற்கும். நம் உடல் உப்பும் நீரும் நிறைந்தது, நல்ல மின்கடத்தி. விரல் அருகே வந்ததும் அந்தப் புலத்தில் ஒரு பங்கை உடல் இழுத்துக்கொள்கிறது. இதனால் ஏற்படும் மாற்றம் மிகமிகச் சிறியது, ஒரு பிகோஃபாரடுக்கும் (மின்தேக்கத் திறனை அளக்கும் மிகச் சிறிய அலகு) குறைவு. திரையின் கன்ட்ரோலர் சிப் நொடிக்கு 60 தடவையோ அதற்கு மேலோ இதை அளந்து, "இங்கே விரல் இருக்கிறது" என்று முடிவு செய்கிறது.

ஆக, விரலிலிருந்து திரைக்கு மின்சாரம் பாய வேண்டியதே இல்லை. யோசித்துப் பாருங்கள், போனின் கண்ணாடியே மின்சாரம் கடத்தாத பொருள்தானே! வெறும் கையால் தொடும்போதும் அதைத் தாண்டித்தான் விரல் வேலை செய்கிறது. தங்கை போடும் கையுறையின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். கண்ணாடி அதைப்போலப் பல மடங்கு. உங்கள் கம்பளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன், அதிலும் பாதிக்கு மேல் காற்று. ரப்பரைவிடக் காற்று இந்த வேலைக்கு இன்னும் மோசம். இடைவெளி எவ்வளவு, தொடும் பரப்பு எவ்வளவு, இந்த இரண்டுதான் கணக்கு.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு வெள்ளைத்தாளைத் திரைமேல் வைத்து, தாளின் மேல் விரலை நகர்த்துங்கள். பெரும்பாலான போன்களில் டச் எடுக்கும். தாளை இரண்டாக, நான்காக மடித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் நின்றுவிடும். அப்போது விரல் நுனியை விட்டுவிட்டு, விரலின் சதைப்பகுதியைத் தட்டையாக வையுங்கள். பல போன்களில் மறுபடி உயிர் வரும். பரப்பு கூடியதால் வந்த பலன் அது. டச் எடுக்காதபோது எல்லோரும் ஓங்கிக் குத்துகிறார்கள். திரைக்கு அழுத்தம் தெரியாது. பழைய ரெசிஸ்டிவ் திரைகளில் இரண்டு அடுக்குகள் அழுந்தி ஒட்ட வேண்டியிருந்தது. அதனால் கையுறை, குச்சி எதுவானாலும் வேலை செய்தது. 2007-ல் ஐபோன் வந்த பிறகு அந்த வகைத் திரை போன்களிலிருந்து மெல்ல மறைந்துவிட்டது.

முதலில் செலவில்லாத வேலை. சாம்சங் போனாக இருந்தால் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் 'டச் சென்சிட்டிவிட்டி' இருக்கிறதா என்று பாருங்கள். பிக்சல் மாடல்கள் பலவற்றில் அதே வேலையை 'ஸ்க்ரீன் ப்ரொடெக்டர் மோட்' செய்கிறது. வேறு சில போன்களில் 'கிளவ் மோட்' என்றே இருக்கும். 2012-ல் நோக்கியா லூமியா 920 இதையே பெரிய சிறப்பாகச் சொல்லி வந்தது. ஐபோனில் இப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. கிடங்குகளில் தரப்படும் ஸீப்ரா போன்ற கருவிகளில் கையுறைக்கென்று தனி டச் மோட் வைத்திருக்கும் மாடல்கள் உண்டு. நிறுவனம் கொடுத்த கருவி என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். இந்த மோடைப் போட்டால் திரை சின்ன மாற்றத்தையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே பையில் போடும்முன் மறக்காமல் லாக் செய்யுங்கள். திரைமேல் தடித்த டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் அதுவும் இடைவெளியைக் கூட்டுகிறது, கழற்றிப் பாருங்கள்.

இனி உங்கள் கையுறை. விரல் நுனியில் பளபளக்கும் அந்த நூல் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சுள்ள நைலான். வெள்ளி கறுக்கும், துவைக்கத் துவைக்கப் பூச்சு உதிரும், ப்ளீச் பட்டால் கெட்டுவிடும், துணியை மென்மையாக்கும் திரவம் நூல்மேல் படலமாகப் படியும். ஆனால் நூலைக் குறை சொல்லும்முன் இதைச் செய்யுங்கள். கையுறையைப் போட்டு, ஆள்காட்டி விரலின் நுனியில் தொளதொளக்கும் துணியைப் பின்பக்கமாக இழுத்து ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிட்டுத் திரையைத் தொடுங்கள். டச் எடுத்தால் நூல் நன்றாகத்தான் இருக்கிறது, கையுறை தளர்ந்துபோய் உள்ளே காற்று நிற்கிறது. ஒரு மாதத்தில் கெட்டதாக நினைக்கும் கையுறைகளில் இந்தத் தளர்வைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அடுத்த தடவை விரலைக் கவ்விப் பிடிக்கும் அளவில் வாங்குங்கள்.

ரப்பர் பேண்ட் போட்டும் எடுக்கவில்லை என்றால் நூல் போய்விட்டது. மின்கடத்தி நூல் தனியாகவே விற்கிறது. ஸ்டீல் நூல் சற்று முரடாக இருந்தாலும் வெள்ளி நூல்போலக் கறுக்காது, நான் அதையே சொல்வேன். தையல் போட வேண்டிய இடம் விரலின் உச்சி இல்லை. கையுறையோடு, போனைத் தொடும் அதே சாய்வில், சாக்பீஸ் தூள் தூவிய மேசையைத் தொடுங்கள். தூள் ஒட்டிய இடம்தான் சரியான இடம். அங்கே ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு நெருக்கமாகத் தையுங்கள். அதைவிடச் சின்னப் புள்ளியைத் திரை விரலாக மதிக்காமல் விட்டுவிடக்கூடும். உள்பக்கம் நூலை ஒட்ட வெட்டாமல், தோலில் படும்படி நான்கைந்து சுற்று விட்டுவிடுங்கள். நூல் தோலைத் தொட்டால் துணியின் தடிமன் ஒரு பொருட்டே இல்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மின் வேலைக்கான காப்புக் கையுறை, ரசாயனக் கையுறை, மருத்துவக் கையுறை, இவற்றில் ஊசியே படக்கூடாது. ஒரு துளை விழுந்தாலும் அது பாதுகாப்புக் கையுறை இல்லை. உயிரோடு விளையாடும் காரியம் அது.

நாளுக்கு நூறு தடவை பதிவு என்றால் உங்களுக்கு நான் சொல்வது இரண்டு அடுக்கு முறை. உள்ளே விரலோடு ஒட்டிய மெல்லிய டச் கையுறை, வெளியே விரல் மூடியை மடக்கித் திறக்கும் கனத்த கையுறை. எண்களையே அதிகம் தட்டுவதானால் ரப்பர் நுனியுள்ள உலோக ஸ்டைலஸை (திரையில் தட்டும் பேனா) மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொள்ளலாம். உள்ளங்கை முழுவதும் உலோகத்தைச் சுற்றிப் பிடிப்பதால், கையுறை இருந்தாலும் பல நேரம் வேலை செய்யும். சாம்சங்கின் எஸ் பென், ஐபேடுக்கான ஆப்பிள் பென்சில் போன்ற மின்னணுப் பேனாக்களுக்கு விரலின் தயவே வேண்டாம்.

திரையைத் தொடாமலே முடிகிற வேலைகளும் இருக்கின்றன. ஐபோனில் 'பேக் டேப்' போட்டுவைத்தால் போனின் முதுகில் இரண்டு தட்டு தட்டி ஒரு வேலையைத் தொடங்கலாம். அசைவைக் கண்டு இயங்குவதால் எந்தக் கையுறையும் தடையில்லை. ஆண்ட்ராய்டில் பவர் பட்டனால் அழைப்பைத் துண்டிக்கும் வசதியும் உண்டு. கைரேகை மட்டும் கையுறைக்குப் பிடிகொடுக்காது, பின் நம்பரையே நம்புங்கள்.

குளிரையும் கணக்கில் எடுங்கள். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். உறைநிலை அறைக்குள் போன் திணறினால் கையுறைமேல் பழி போடாதீர்கள். பதிவு செய்யும் நேரம் தவிர உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். வெளியே வந்ததும் திரையில் வேர்க்கும் ஈரம் தானாகவே டச் கொடுக்கும், துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

தங்கைக்கும் ஒரு வார்த்தை. அவர் கையுறை தொட்டதெல்லாம் போனுக்கு வருகிறது, அதே போன் பிறகு வெறும் கைக்கும் முகத்துக்கும் போகிறது. கூடத்தில் போன் கட்டாயம் தேவையென்றால் மெல்லிய பாலித்தீன் பையில் போட்டு வைத்து, வேலை முடிந்ததும் கையுறையோடு பையையும் கழித்துவிடச் சொல்லுங்கள். பையைத் திரையோடு ஒட்ட இழுத்துக் கட்ட வேண்டும். உள்ளே காற்று நின்றால் உங்கள் கம்பளிக் கையுறை கதைதான், டச் எடுக்காது.