பழைய ஸ்கிரிப்டை விடாத பிரவுசர்: கேள்வி பதில்

கேள்வி: என் தளத்தில் புது ஜாவாஸ்கிரிப்ட் (ஜேஎஸ்) கோப்பை ஏற்றிவிட்டேன். பிரவுசர் பழையதையே ஓட்டுகிறது. கேஷ்-கண்ட்ரோல் ஹெடர் (கேஷில், அதாவது பிரவுசர் சேமித்து வைக்கும் நகல்களில், கோப்பை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று சர்வர் அதோடு அனுப்பும் குறிப்பு) எதுவும் நான் வைக்கவில்லையே?

பதில்: வைக்காததுதான் வம்பு. நீங்கள் கெடு சொல்லாவிட்டால் பிரவுசரே ஒன்று போட்டுக்கொள்ளும். வழக்கமான கணக்கு, கோப்பு கடைசியாக மாறி ஆன காலத்தில் பத்தில் ஒரு பங்கு. 100 நாளாகத் தொடாத கோப்பை 10 நாள் வரை சர்வரைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். எச்டிஎம்எல் பக்கத்துக்கு 'நோ-கேஷ்' வையுங்கள். ஸ்கிரிப்டின் பெயரில் உள்ளடக்கத்தின் ஹாஷை, அதாவது உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் ஒரு குறியீட்டை, சேருங்கள். அதற்கு மேக்ஸ்-ஏஜ் (கெடு) 31536000 விநாடி, அதாவது ஒரு வருடம், தாராளமாகக் கொடுக்கலாம். பயனரிடம் மட்டும் "கேஷை அழியுங்கள்" என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: நோ-கேஷ் என்றால் ஒவ்வொரு முறையும் முழுசாக இறங்காதா?

பதில்: அது நோ-ஸ்டோர். நோ-கேஷ் வைத்தால் சேமிக்கும், ஆனால் கேட்டுவிட்டுத்தான் எடுக்கும். ஈடேக் (கோப்பின் பதிப்பு அடையாளம்) பொருந்தினால் சர்வர் 304, அதாவது 'மாறவில்லை', சொல்லும். கோப்பு திரும்ப வராது.

கேள்வி: நோ-கேஷை எச்டிஎம்எல்லுக்குள் மெட்டா டேகில் போட்டால் போதுமா?

பதில்: போதாது. ஹெடரில் போடுங்கள்.

கேள்வி: ஹாஷ் எதற்கு? கோப்பு முகவரியின் கடைசியில் ?வி=2 (பதிப்பு 2) சேர்க்கிறேன், நன்றாக ஓடுகிறது.

பதில்: ஓடும், சர்வர் ஒன்றே ஒன்று என்றால். இரண்டு சர்வர், முன்னால் ஒரு சிடிஎன் (கோப்புகளின் நகலை வைத்துப் பயனர்களுக்குக் கொடுக்கும் இடைநிலை சர்வர்கள்) என்று வையுங்கள். புதுப் பக்கம் முதல் சர்வரிலிருந்து வருகிறது, அது கேட்கும் ?வி=2 இன்னும் புதுப்பிக்காத இரண்டாவதற்குப் போகிறது. அந்த சர்வர் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காமல் பழைய கோப்பைக் கொடுக்கும். சிடிஎன் அதை வி=2 என்றே பத்திரப்படுத்தும். ஹாஷ் பெயர் என்றால் அங்கே 404, அதாவது 'கோப்பு இல்லை', வரும். தவறு உடனே தெரியும்.

கேள்வி: கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அடித்து கேஷைத் தாண்டி பக்கத்தை ஏற்றினேன், சரியாகிவிட்டது.

பதில்: உங்களுக்கு. உங்கள் பயனர்களுக்கு?

கேள்வி: கேஷை அழித்தும் பழையதே வருகிறது. பயனர்களையும் அழிக்கச் சொல்லிவிட்டேன்.

பதில்: சொல்லாதீர்கள் என்றேனே! சர்வீஸ் வொர்க்கர் (பக்கம் கேட்பதை இடைமறித்து, தன் சேமிப்பிலிருந்தே கொடுக்கக்கூடிய ஸ்கிரிப்ட்) இருக்கிறதா பாருங்கள். பிரவுசரின் டெவ்டூல்ஸில் (டெவலப்பர் கருவிகளில்) அப்ளிகேஷன் பகுதியில் தெரியும்.

கேள்வி: மறுபடியும் வி=2 ஆள்தான். ஹாஷ் வைத்தால், பழைய பக்கத்தைத் திறந்தே வைத்திருப்பவர் பழைய பெயரைக் கேட்பாரே. அவருக்கும் 404 தானே?

பதில்: நல்ல பிடி. பழைய கோப்புகளை உடனே அழித்தால் அப்படித்தான் ஆகும். அடுத்த சில வெளியீடுகள் வரை அவற்றையும் சர்வரில் விட்டு வையுங்கள். ஆனாலும் வி=2க்கு நான் வரமாட்டேன்.

கேள்வி: புது ஜேஎஸ் ஏற்றினேன், பழையதே வருகிறது...

பதில்: முதல் பதில்.