கணினி கேள்வி – பதில்: வட்டைத் திறக்கக் கேட்கும் வரியை மாற்றலாமா?

கே: என் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ்; வட்டு லினக்ஸின் லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டது. தொடங்கியதும் ‘ப்ளீஸ் அன்லாக் டிஸ்க்’ என்று ஏதோ ஒரு பெயரோடு கேட்கிறது. அந்த இடத்தில், தொலைந்த கணினியைக் கண்டெடுப்பவர் அழைக்க ஓர் எண்ணைக் காட்ட நினைத்து, தொடக்கத்தில் வட்டைத் திறக்கும் கிரிப்ட்ரூட் ஸ்கிரிப்டையே திருத்தினேன். ஒரு புதுப்பிப்பு வந்ததும் பழையபடி ஆகிவிட்டதே?

ப: நீங்கள் கைவைத்தது வட்டுக் குறியாக்கத்தைக் கையாளும் கிரிப்ட்செட்டப் மென்பொருள் பொதியோடு வரும் கோப்பு. பொதி புதிதாகும்போதெல்லாம் திருத்தம் போய்விடும். அமைப்புக் கோப்புகளுக்கான எட்சி கோப்புறைக்குள் செய்வதுதான் நிலைக்கும்.

இனிட்ராம்எஃப்எஸ் என்பது வட்டு திறக்குமுன் ஓடும் சிறு தொடக்க அமைப்பு. அதை உருவாக்கும் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் இருக்கும் டெபியன், உபுண்டு அமைப்புகளில் வழி இது. எட்சிக்குள் இரண்டே வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். முதல் வரி வழக்கமான பின்-எஸ்ஹெச் வரி. இரண்டாவதில் எக்ஸெக், அடுத்து லிப் கோப்புறையின் கிரிப்ட்செட்டப் உட்கோப்புறையில் இருக்கும், கடவுச்சொல் கேட்கும் ஆஸ்க்பாஸ் நிரலின் முழுப் பாதை, பிறகு மேற்கோளுக்குள் உங்கள் வாசகம். சிஹெச்மாட் கட்டளையால் இயக்க அனுமதி கொடுங்கள். இனி, குறியாக்க வட்டுகளின் பட்டியலான கிரிப்ட்டேப் கோப்பில், வட்டுக்குரிய வரியின் நான்காவது புலத்தில் ‘லக்ஸ்’ என்பதற்குப் பின் காற்புள்ளி, கீஸ்கிரிப்ட், சமக்குறி, ஸ்கிரிப்டின் பாதை. காற்புள்ளியை ஒட்டி இடைவெளி விடாதீர்கள். விட்டால் அதற்குப் பின் உள்ளதெல்லாம் அடுத்த புலமாகிவிடும்.

கடைசியாக அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ‘யு’ விருப்பத்தோடு ஓட்டவேண்டும். அதற்கு முன் பூட் கோப்புறையில் உள்ள இனிட்ஆர்டி கோப்பை (இனிட்ராம்எஃப்எஸ் இருக்கும் கோப்பு) வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள். ஏதாவது பிசகினால், கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, இனிட்ஆர்டி வரியில் அந்த நகலின் பெயரைக் கொடுத்து கணினியைத் தொடங்கிவிடலாம். ஸ்கிரிப்ட் உள்ளே சேர்ந்ததா என்பதை எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் சொல்லும்.

எண் போடுவதில் தவறில்லை (அதே பையில் இருக்கும் கைப்பேசியின் எண்ணாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!). கடவுச்சொல்லுக்கான குறிப்பை மட்டும் எழுதவே கூடாது. வட்டைத் திறக்காமலே எவரும் அந்த வரியைப் படிப்பார்கள்.

கே: அதே கீஸ்கிரிப்ட் முறையைச் செய்தேன். மேலே எக்கோ கட்டளை கொண்டு இரண்டு வரி வரவேற்பும் சேர்த்தேன். இப்போது சரியான கடவுச்சொல்லையும் ஏற்க மறுக்கிறது.

ப: மறுக்கத்தான் செய்யும். கீஸ்கிரிப்ட்டின் வழக்கமான வெளியீட்டில் வரும் ஒவ்வோர் எழுத்தும் கடவுச்சொல்லின் பகுதி. உங்கள் வரவேற்பும் அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது. எக்கோ வரிகளைப் பிழை வெளியீட்டுக்குத் திருப்புங்கள். பிளிமத் எனும் தொடக்கப் படத்திரை ஓடும்போது அவை திரைக்குப் பின்னால் மறையலாம் என்பதால், முழு வாசகத்தையும் ஆஸ்க்பாஸிடமே கொடுத்துவிடுவதே மேல். கடவுச்சொல்லை நீங்களே மாறியில் வாங்கி வெளியிடுவதானால் எக்கோ வேண்டாம். அது கடைசியில் சேர்க்கும் புதுவரிக் குறியும் கணக்கில் வந்துவிடும். பிரின்ட்எஃப் பயன்படுத்துங்கள்.

மறுதொடக்கம் செய்யாமலே சோதிக்கலாம். ஸ்கிரிப்டின் வெளியீட்டைப் பைப் வழியாக, ‘டெஸ்ட்-பாஸ்ஃபிரேஸ்’, ‘கீ-ஃபைல்’ ஆகிய விருப்பங்களோடு கிரிப்ட்செட்டப் ஓபன் கட்டளைக்கு அனுப்புங்கள். கீ-ஃபைலின் மதிப்பு வெறும் சிறுகோடு. பிழை ஏதும் சொல்லாமல் முடிந்தால் சரி.

கே: ஃபெடோரா லினக்ஸிலும் இதே வழிதானா?

ப: இல்லை. அங்கே கடவுச்சொல் கேட்பது, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி. அது கீஸ்கிரிப்ட் விருப்பத்தைக் கண்டுகொள்ளாது. ஆனால் வட்டை விவரிக்க ஜிபிடி எனும் பகிர்வு அட்டவணையில் உள்ள பகிர்வின் பெயரை எடுத்துக்கொள்ளும். எஸ்ஜிடிஸ்க் கட்டளையில் ‘சி’ விருப்பம், பகிர்வு எண், முக்காற்புள்ளி, புதிய பெயர், கடைசியில் வட்டு. பெயரை 36 எழுத்துக்குள் அடக்கவேண்டும். தரவுக்கு ஆபத்தில்லை, அடையாள எண்ணான யூயூஐடியும் மாறாது. எந்தப் பகிர்வு எங்கே இணையும் எனச் சொல்லும் எஃப்எஸ்டேப்பிலோ கிரிப்ட்டேப்பிலோ பார்ட்லேபல் என்று பழைய பெயர் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கே: அந்த வரியைத் தமிழில் காட்ட முடியுமா?

ப: படத்திரை இல்லாத எழுத்து முனையத்தில் முடியாது. லினக்ஸ் முனையத்தின் எழுத்துரு 512 வடிவங்களோடு நின்றுவிடுகிறது. அதோடு ஒரு கட்டத்துக்கு ஒரு குறி என்பதே அதன் கணக்கு. ‘கொ’ எழுதக் ககரத்தின் இருபுறமும் குறி வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. பிளிமத்தில் எழுத்தாகவே காட்ட, தமிழ் எழுத்துரு இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கவேண்டும். இல்லையேல் வெறும் கட்டங்கள்தான். எளிய வழி, வாசகத்தைப் பிஎன்ஜி படமாக்கித் தீம் கோப்புறையில் வைப்பது. தீம் ஸ்கிரிப்டில் கடவுச்சொல் கேட்கும்போது ஓடும் செயற்கூற்றுக்கு, கேட்கும் வரியும் இதுவரை தட்டிய எழுத்துகளின் எண்ணிக்கையும் வந்து சேரும். வரியை விட்டுவிட்டுப் படத்தைக் காட்டுங்கள். கடவுச்சொல் மட்டும் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். அந்த நேரத்தில் தமிழ் விசைப்பலகை இருக்காது.

கே: எனக்குக் கிரப்பே கடவுச்சொல் கேட்கிறது. அதில்?

ப: பூட் கோப்புறையும் குறியாக்கத்தில் இருப்பதால் அப்படி. அந்த வாசகம் கிரப் நிரலுக்குள்ளேயே பதிந்தது. மூலநிரலைத் திருத்தித் தொகுத்தால்தான் மாறும். அதற்காக அவ்வளவு பாடு வேண்டாம். தவறாகத் தட்டி கிரப்பின் ரெஸ்க்யூ (மீட்பு) திரையில் விழுந்தால் கிரிப்ட்மவுன்ட் கட்டளையை ‘ஏ’ விருப்பத்தோடு கொடுங்கள். வட்டு திறந்ததும் ‘இன்ஸ்மாட் நார்மல்’, அடுத்து ‘நார்மல்’ என்ற கட்டளைகளைக் கொடுங்கள்.