கைதிகளைத் தோட்ட வேலைக்கு அனுப்புவது சுரண்டலா?

"செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலை வெட்ட ஆள் இல்லை. கைதிகளை விட்டால் என்ன, சம்பளம்தான் கொடுக்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். சம்பளம் இருக்கட்டும், 'வரமாட்டேன்' என்று ஒரு கைதியால் சொல்ல முடியுமா? மறுத்தால் சிறையில் சலுகை போய்விடும் என்று பயப்படுகிறவர் தலையாட்டுவது சம்மதமாகாது.

மலேசியா 1957இல் ஏற்றுக்கொண்ட, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கட்டாய உழைப்பு உடன்படிக்கை (1930), தண்டனை பெற்றவரிடம் அரசு மேற்பார்வையில் வேலை வாங்க இடம் தருகிறது. ஆனால் அவரைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறது. மனமுவந்து, வெளியாளுக்கு நிகரான கூலியில் வந்தால் வேறு கதை.

அப்புறம், நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். மலாயாவில் 1910இல் தடை செய்யப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையில், தோட்டத்தைவிட்டு ஓடினாலே ஜெயில்தான். அதனால்தான் எனக்கு இது வலிக்கிறது. கூலி யார் கைக்குப் போகிறது, எவ்வளவு பிடித்தம், குலை விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்று முதலில் கேளுங்கள்.